சொக்கம்மாள் நீட்டிய கால்

நகம் வெட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்கிற மகராசர்கள், கால் பெருவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் மடங்கி வளர்ந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி ஒரு வாரம் கிடந்து பார்க்க வேண்டும். அப்போது தெரியும். அந்த ஓரத்தைச் சதையிலிருந்து பிரித்து, ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் வெளியே எடுக்கிற கை தென்காசி வட்டாரத்தில் மூன்றோ நாலோதான் இருந்தது. அதில் ஒன்று குருவம்மாளின் கை. அவள் இனத்தில் ஆண்கள் சவரத்துக்குப் போவார்கள். பெண்கள் பேறுகாலம் பார்ப்பார்கள், வீட்டுப் பெண்டுகளுக்கு நகம் வெட்டுவார்கள். குருவம்மாள் பேறுகாலம் பார்த்ததைவிட நகம் வெட்டித்தான் பேர் வாங்கியிருந்தாள்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குக் கால்தான் சொல்லும். சின்ன உளி மாதிரி இருக்கிற நகவெட்டியை ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பும்போது, இடது கைக்குள் இருக்கும் பாதம் ஒரு கட்டத்தில் லேசாகத் துடித்துச் சுண்டும். அதோடு நிறுத்திவிட வேண்டும். "வலிக்கா? வலிக்கா?" என்று அவள் வாய் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் வாய் சொல்லும் பதிலை அவள் சட்டை செய்ததே இல்லை. வீறாப்புக்காரிகள் வலித்தாலும் இல்லை என்பார்கள். பயந்தாங்கொள்ளிகள் தொடும் முன்னே ஐயோ என்பார்கள். கால் பொய் சொல்லாது என்று இருபது வருஷமாக நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் குழியில் தள்ளியது.

முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில், தென்காசியில் ஒரு பெரிய வீட்டு ஆச்சிக்கு நகம் வெட்டப் போனாள். குழல்வாய்மொழி ஆச்சி என்று பெயர். தங்கமான மனுஷி, வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டே காலை நீட்டினாள். பெருவிரல் ஓரம் ஆழமாக இறங்கியிருந்தது. குருவம்மாள் நெம்பினாள், கால் சுண்டவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினாள், அப்போதும் சுண்டவில்லை. சரி, இன்னும் இடமிருக்கிறது என்று உள்ளே போனாள். ரத்தம் வந்த பிறகுதான் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். ஆச்சியோ விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். மஞ்சளை வைத்து அழுத்தித் துணியைச் சுற்றி, யாரும் பார்க்கும் முன் தரையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.

எட்டாம் நாள் விரல் கறுத்தது. பதினைந்தாம் நாள் பாதம் கறுத்தது. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்; பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. சித்திரை பிறந்து பத்தாம் நாள் ஆச்சி போய்விட்டாள். குருவம்மாள் மனசு ஆறாமல் ஆசுபத்திரிக் கம்பவுண்டரின் பெண்டாட்டியைப் பிடித்து விசாரித்தாள். அது நீரிழிவுக் கால், உள்ளே உணர்ச்சி செத்துக் கிடந்திருக்கிறது, முள் தைத்தாலும் நெருப்புப் பட்டாலும் தெரியாது, சின்னக் காயம் போதும் என்று கம்பவுண்டர் சொன்னாராம். இத்தனை வருஷமும் தன் கையில் பேசிய கால்களுக்கு நடுவே ஊமையாகவும் ஒரு கால் இருக்கும் என்று யாராவது ஒருத்தி அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் நீ உள்ளே போயிருக்கிறாய் என்றுதானே கேட்பார்கள்! நான் சதையைத் தொடவே இல்லை என்று ஒரே பிடியாகச் சாதித்தாள். அதை நம்பியவர் பாதி, நம்பாதவர் பாதி. வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. வைகாசியில் இடி அவள் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. சிவகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ஆவுடைத்தாய், தகரப்பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். சம்பந்தி முத்துவடிவும் அதே தொழில்காரிதான். ஆளைக் கொன்ற கத்தி என்று ஊர் பேசும்போது அந்த வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டுப் படியேறுவேன் என்று கேட்டு அனுப்பிவிட்டாள். குற்றாலத்துக் கூட்டத்தில் தலைவி சொக்கம்மாள் வாயால் குருவம்மாள் கத்தி சுத்தம் என்று வரட்டும், மறுநாளே வந்து கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தாள். முத்துவடிவைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கும் வயிறு இருக்கிறது.

கூட்டம் என்றால் பெரிய மாநாடு இல்லை. ஆடியில் சாரல் கட்டி, வெளியூர்ப் பணக்காரர்கள் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து இறங்கும்போது, நகம் வெட்டுகிற பெண்கள் எல்லாரும் வேலைக்காக அங்கே கூடுவார்கள். அதில் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், ஐந்தருவி போகிற வழியில் ஒரு பலாத்தோப்பு ஓலைக் கொட்டகையில் இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள். நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகியும் அடங்காவிட்டால் என்ன செய்வது, சொத்தை நகத்துக்கு மருதாணியோடு எதைச் சேர்த்து அரைப்பது என்று ஒருத்தி கண்டதை இன்னொருத்திக்குச் சொல்வார்கள். படுக்கையில் விழுந்தவள் வீடுகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிப்பார்கள். ஒருத்தியை அநியாயமாக விரட்டிய வீட்டுக்கு இன்னொருத்தி போவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொள்வார்கள்.

அவர்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. நகம் வெட்டுகிறவள் தன் நகத்தைத் தானே வெட்டக் கூடாது. கூட்டத்தில் ஒருத்திக்கு ஒருத்தி காலை நீட்ட வேண்டும். அதில்தான் கையின் தரம் தெரியும். பழி விழுந்தவள் நகவெட்டியையும் கற்பூரத்தையும் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால், தலைவி தன் காலை அவளிடம் முதலில் நீட்டுவாள். அதோடு பழி தீர்ந்தது. தலைவி நீட்டாவிட்டால் வேறு யாரும் நீட்டமாட்டார்கள். அவள் அடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அடைப்பம் என்பது கத்தி, நகவெட்டி எல்லாம் வைக்கிற தோல்பை.

தலைவி சொக்கம்மாள் செங்கோட்டைக்காரி. ஐம்பது வயது, கனத்த சரீரம், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பேச்சு. அன்று காலையிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டும், பலாமரத்துக்குப் பின்னால் போய் வந்துகொண்டும் இருந்தாள். சாரலில் இவளுக்கு மட்டும் எப்படித் தாகம் எடுக்கிறதோ என்று பெண்கள் சிரித்தார்கள். குருவம்மாளும் ஒப்புக்குச் சிரித்தாள். அவள் மனமெல்லாம் வீட்டில் இருந்தது. ஆவுடைத்தாய் விடியும் முன்னே எழுந்து, துவைத்த சேலைகளைப் பெட்டியில் அடுக்கி, மூடி வைத்திருந்தாள். "நல்ல சேதியோட வாம்மா" என்று மட்டும்தான் சொன்னாள்.

கொட்டகை நடுவில் வெற்றிலையைப் போட்டு அதன் மேல் குருவம்மாளின் நகவெட்டியை வைத்தார்கள். பக்கத்தில் கற்பூரம் எரிந்தது. எதிரே முத்துவடிவு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி குருவம்மா, எல்லாரும் கேக்கச் சொல்லு. அந்த ஆச்சி கால்ல நீ சதைக்குள்ள போனியா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

"போகல."

"ரத்தம் வந்துச்சா?"

"வரல அக்கா."

இரும்பைத் தொட்டாள், கற்பூரத்தைத் தொட்டாள். விரல் நடுங்கவில்லை. நடுங்காததைப் பார்த்து அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. சொக்கம்மாள் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, பெரிய வீட்டுக்காரர்களுக்கு வந்த சீக்குக்கெல்லாம் நம் கத்திதானா கிடைத்தது என்று அந்தக் குடும்பத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, சேலையை முழங்கால் வரை ஒதுக்கி இரண்டு காலையும் குருவம்மாள் முன்னால் நீட்டினாள்.

கொட்டகைக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. முத்துவடிவு எழுந்து வந்து குருவம்மாளின் தோளைத் தொட்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே மருமகளைக் கூட்டிப் போகிறேன், வருத்தம் வைத்துக்கொள்ளாதே சம்பந்தி என்றாள். குருவம்மாளுக்கு அழுகை முட்டியது. நாலு மாசத்துப் பாரம். சொக்கம்மாளின் வலது காலைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டு விரலில் தொடங்கினாள். பழைய கை திரும்பி வந்துவிட்டது. நகம் பிறைபிறையாகச் சிதறாமல் விழுந்தது.

பெருவிரலுக்கு வந்தபோது சொக்கம்மாள் சொன்னாள், ரெண்டு மாசமாக ஓரம் உள்ளே போய்விட்டது, இன்றைக்கு மேலோட்டமாக வெட்டு போதும், நாளைக்குச் சுரண்டை மூக்கம்மாள் அதை அடியோடு தோண்டி எடுக்கட்டும், சின்னப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துப் படிக்கட்டும் என்று. மூக்கம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. முப்பது வயதுக்குள் இப்படி ஒரு மரியாதை யாருக்குக் கிடைத்திருக்கிறது!

குருவம்மாள் ஓரத்தை லேசாக நெம்பிப் பார்த்தாள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான். கால் சுண்டவில்லை.

அவள் கை அப்படியே நின்றது. மறுபடி, முன்னைவிட மெல்ல, சதை விளிம்பில் இரும்பின் முனையை வைத்தாள். யாருக்கும் சுண்டும் இடம் அது. சொக்கம்மாள் யாரையோ பார்த்து அருவியில் கூட்டம் அதிகமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பாதத்தைத் திருப்பினாள் குருவம்மாள். உள்ளங்காலில் புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு சூட்டுத் தழும்பு, இன்னும் முழுசாக ஆறவில்லை.

"இது என்னக்கா?"

"எங்கன பட்டுச்சோ? அடுப்புத் தீக்கங்கை மிதிச்சிருப்பேன் போல. பிள்ளைக சொல்லித்தான் எனக்கே தெரியும்."

தண்ணீர்ச் செம்பும் பலாமரமும் நினைவுக்கு வந்தன. அதே காலை மறுபடியும் யாரோ கொண்டு வந்து மடியில் வைத்துவிட்டார்கள். நாளைக்கு மூக்கம்மாள் தோண்டுவாள். கால் சுண்டாது. சுண்டாததால் இன்னும் தோண்டுவாள், கெட்டிக்காரி அல்லவா, அத்தனை பேர் பார்க்க அடியோடு எடுப்பாள். ஆவணியில் சொக்கம்மாள் இருக்கமாட்டாள். மூக்கம்மாள் என்ற பெயரைச் சொன்னால் ஊர் காறித் துப்பும்.

சொல்லிவிடலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வாள்? உணர்ச்சி செத்த காலை வெட்டினால் என்ன ஆகும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த நிமிஷம் கேட்கமாட்டார்களா? கற்பூரம் இன்னும் அணையக்கூட இல்லை. பேசாமல் நகத்தை முடித்துவிட்டுப் போனால் நாளைக்கு மகள் புருஷன் வீட்டில் இருப்பாள். கடவுளே, இந்தக் காலை ஒரு நாள் தள்ளிக் காட்டியிருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் கதறினாள்.

முதலில் அவளும் நழுவத்தான் பார்த்தாள். சும்மா சொல்கிற மாதிரி, இந்த ஓரத்தைத் தோண்ட வேண்டாம் அக்கா, தானாக வெளியே வந்துவிடும் என்றாள். சொக்கம்மாள் கேட்கவில்லை. ஆடி மாசம், ஈரம், புண் ஆறாது என்று குருவம்மாள் இன்னொரு சாக்குச் சொன்னாள். இத்தனை வருஷம் ஆடியில்தானே தோண்டிக் காட்டுகிறோம் என்று சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மூக்கம்மாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இப்போதுதான் பழி தீர்ந்தது, அதற்குள் அடுத்தவள் கைக்குக் குறை சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்டாள். நாளைக்கு என்ன, இன்றைக்கே இந்த நிமிஷமே செய்கிறேன் என்று அடைப்பத்தை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். சொக்கம்மாளும் சரி வா என்று சொல்லிவிட்டாள்.

மூக்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். குருவம்மாள் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தொடாத. இந்தக் காலைத் தொடாத மூக்கம்மா."

"என்னட்டி கூத்து இது?" என்றாள் சொக்கம்மாள்.

"அக்கா, கண்ணை மூடு. நான் எந்த விரலைத் தொடுதேன்னு சொல்லு."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காகச் சொக்கம்மாள் கண்ணை மூடினாள். குருவம்மாள் நகவெட்டியின் மழுங்கிய பின்பக்கத்தால் சுண்டு விரலைத் தொட்டாள். அடுத்த விரலைத் தொட்டாள். பெருவிரலில் வைத்து நன்றாகவே அழுத்தினாள். விரல் நுனி வெளுத்தது. இருபது பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ம், தொடு. எவ்வளவு நேரம் கண்ணை மூடிட்டு இருக்க?" என்றாள் சொக்கம்மாள்.

சொக்கம்மாள் கண்ணைத் திறந்தாள். தன் பெருவிரலை அழுத்திக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு குருவம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தொழில்காரி அல்லவா, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

குருவம்மாள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சுண்டாத காலை நம்பி உள்ளே போனதை, ரத்தம் கண்டதை, தரையைத் துடைத்ததை, கம்பவுண்டர் சொன்னதை. சற்று முன்னால் கற்பூரத்தைத் தொட்டுச் சொன்னது பொய் என்பதையும் தன் வாயாலேயே சொன்னாள். சொல்லும்போது முத்துவடிவு பக்கம் திரும்பவில்லை. ஆனால் சேலையை உதறிக்கொண்டு ஒருத்தி எழுந்து கொட்டகைக்கு வெளியே சாரலில் போய் நிற்கிற சத்தம் காதில் விழுந்தது.

சொக்கம்மாள் வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் பெருவிரலை ஆட்டிப் பார்த்தாள், அது ஆடியது. பிறகு தலைவியின் குரலில் பேசினாள். ஆளைக் கொன்றுவிட்டாய் என்று நான் சொல்லமாட்டேன், நம் யார் கையிலும் அது நடந்திருக்கும் என்றாள். ஆனால் இரும்பைத் தொட்டுப் பொய் சொல்லிவிட்டாய். இதை விட்டுவிட்டால் இனி இந்தக் கூட்டத்தில் எவள் சத்தியத்தை எவள் நம்புவாள் என்று கேட்டாள். குருவம்மாளும் தலையை ஆட்டினாள்.

"ஒன் வீடெல்லாம் போச்சு குருவம்மா. நகவெட்டியை வை."

குருவம்மாள் வெற்றிலையின் மேல் வைத்தாள். கை சும்மா இருக்க முடியாமல் மடியைத் தேய்த்துக்கொண்டது. பெட்டியை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மகளிடம் என்ன சொல்வது? உன் வாழ்க்கையைக் கொடுத்து இன்னொருத்தி காலைக் காப்பாற்றினேன் என்றா சொல்வது? எந்தப் பிள்ளைக்கு அது விளங்கும்? அவளுக்கே விளங்கவில்லை. முத்துவடிவின் காலில் போய் விழுந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே பார்த்தாள். முத்துவடிவு அங்கே இல்லை. பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டிருந்தாள்.

சொக்கம்மாள் மிச்சப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: இனி யார் காலைத் தொட்டாலும் முதலில் கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாகத் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் இரும்பை எடுக்க வேண்டும், தொட்டது தெரியாவிட்டால் ஓரத்துக்கே போகக் கூடாது. பெண்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து அப்போதே செய்து பார்த்தார்கள். சுண்டு விரல், அடுத்தது, பெருவிரல் என்று கொட்டகை முழுக்கக் குரல் கேட்டது. குருவம்மாளின் எதிரே மட்டும் யாரும் உட்காரவில்லை. அவள் அடைப்பத்தைச் சுருட்டிக் கட்டினாள்.

"மூக்கம்மா" என்று கூப்பிட்டாள் சொக்கம்மாள். "பெருவிரல் நகம் பாதியில நிக்கி. வந்து முடி."

மூக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் சண்டைக்கு நின்றவள்தான். சொக்கம்மாள் அடுத்தவளைப் பார்த்தாள், அதற்கடுத்தவளைப் பார்த்தாள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் தங்கள் தங்கள் ஜோடியின் காலைக் குனிந்து பார்த்தார்கள். முப்பது வருஷமாக இவர்களுக்காக எத்தனை பெரிய வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டவள் சொக்கம்மாள்! அவள் காலைத் தொட ஒரு கை வரவில்லை. பயம் யாரை விட்டது.

சொக்கம்மாளின் கன்னம் துடித்தது. அழுதுவிடுவாளோ என்று இருந்தது, அழவில்லை. வெற்றிலையோடு நகவெட்டியை எடுத்துக் குருவம்மாள் பக்கம் நீட்டினாள்.

"வேற எந்த வீட்டுக்கும் நீ போகக்கூடாது. அது போனது போனதுதான். இந்தக் காலுக்கு மட்டும் வா. இது எத்தன நாள் இருக்கோ, அத்தன நாளும் வா."

குருவம்மாள் வாங்கிக்கொண்டாள். காலை நீட்டுவாளா மாட்டாளா என்று நாலு மாசமாக அவள் செத்துப் பிழைத்தாளே, அதே கால் மடிக்கு வந்தது, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு. குனிந்தாள். கையை நம்பாமல் கண்ணை நம்பி, ஓரத்தைத் தொடாமல், நேராக, மயிரிழை மயிரிழையாகப் பாதி நின்ற நகத்தை வெட்டினாள். கண்ணில் நீர் மறைத்தது. துடைத்துத் துடைத்து வெட்டினாள். இருபது வருஷத்துப் பழக்கம் வாயை விட்டுப் போகுமா?

"வலிக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொக்கம்மாள் தன் பாதத்தை, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத இனி நீதாண்டி எனக்குச் சொல்லணும்" என்றாள்.